மூச்சுக்கோடுகள்

ஜூன் 3

அன்புள்ள தங்கைக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ ஃபோனைப் பாதியில் வைத்துவிட்டாய். நான் கத்தியது தெருவரைக்கும் கேட்டது என்று பக்கத்து வீட்டு டாக்டர் அம்மா சொல்கிறாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எப்படியானாலும் உன் மகள் மிளகைப் பற்றி இனி நாம் ஃபோனில் பேச வேண்டாம். ஃபோனில் நீ அழுகிறாய், நான் உன் வாக்கியத்தை முடித்துவைக்கிறேன். கடிதத்தில் அவரவர் வாக்கியத்தை அவரவர்தான் முடித்தாக வேண்டும். ஞாயிறுதோறும் பிள்ளை உன்னிடம் பேசட்டும். நான் அந்த அறையிலேயே இருக்கமாட்டேன்.

அவளுடைய வகுப்பு டீச்சர் உன்னிடம் என்ன சொன்னாளோ, அதைத்தான் என்னிடமும் சொன்னாள். "உங்க வீட்டுப் பொண்ணுக்குப் படிக்கிறதுல ஏதோ சிக்கல் இருக்கும்மா. டிஸ்லெக்ஸியாவா இருக்கலாம். ஒரு டெஸ்ட் எடுத்துப் பாத்துடலாம், அவங்க அம்மாவைச் சம்மதம் சொல்லச் சொல்லுங்க." சொன்னவளுக்கு 'பள்ளி'யும் 'பல்லி'யும் ஒன்று. அவள் என் வீட்டுப் பிள்ளையின் வாசிப்பைப் பரிசோதிக்க வேண்டும் என்கிறாள்!

நீயும் உன் வீட்டுக்காரரும் வேலை செய்யும் ஹோட்டலின் ஊழியர் குடியிருப்பில் குழந்தைகளுக்கு இடமில்லை என்பதால் மிளகை என்னிடம் விட்டாய். போன வருடம் வந்தபோது புத்தகத்தைக் கண்டாலே வயிற்றுவலி என்று படுத்துக்கொள்வாள். இப்போது வந்து கேட்டுப் பார். ரேடியோ நிலையத்தில் ஆயுள் முழுக்கச் செய்தி வாசித்தவள் நான். கையில் ஒரு தாள் வந்தால் முதலில் உரக்க வாசித்துப் பார்ப்பேன், மூச்சு விட வேண்டிய இடங்களில் பென்சிலால் சின்னதாகக் கோடு போடுவேன், அதற்குப் பிறகுதான் மைக். மிளகுக்கும் அதே முறைதான். மாலையில் சாப்பாட்டு மேஜையில் நான் வாசித்து, கோடு போட்டு, இன்னொரு முறை வாசிக்கிறேன். பிறகு அவள். ஒரு சொல் விழுங்குவதில்லை. நடுவில் குக்கர் கூவினால் நான் "தடங்கலுக்கு வருந்துகிறோம்" என்பேன், அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

இந்தப் பிள்ளைக்கு என்ன டெஸ்ட்? சம்மதம் தராதே. தந்தால் அந்தப் பெயர் அவள் முதுகில் ஒட்டிக்கொள்ளும்.

அக்கா


ஜூன் 9

அன்புள்ள அக்கா,

எழுதச் சொன்னீர்கள், எழுதுகிறேன். சலவைக்கூடத்தில் துணி உலர்த்தும் இயந்திரங்களுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். காகிதம் சூட்டில் சுருண்டுகொள்கிறது. தயவுசெய்து இதைத் திருத்தித் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

நீங்கள் அவளுக்காகச் செய்வதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். வயிற்றுவலி போனது உங்களால்தான். ஆனால் ஒன்றை உங்களிடம் சொல்லியாக வேண்டும்.

அவள் பிறந்தநாளுக்கு ஒரு கார்டு அனுப்பினேன் இல்லையா, உள்ளே மூன்றே வரி எழுதி. அது வந்த அன்று அவளே கூப்பிட்டாள். "அம்மா, கார்டு சூப்பர்."

"உள்ள என்ன எழுதியிருந்தேன், சொல்லு பாப்போம்?"

"பெரியம்மா கடைக்குப் போயிருக்காங்கம்மா. வந்ததும் கேட்டுச் சொல்றேன்."

அக்கா, அவளுக்குப் பத்து வயது. ஐந்தாம் வகுப்பு. மூன்று வரி. இங்கே நாள் முழுக்க விரிப்புகளை மடிக்கிறேன், ஒவ்வொரு மடிப்பிலும் அந்தப் பதில்தான் கேட்கிறது.

டீச்சருக்கு உச்சரிப்பு வராமல் இருக்கலாம். அவளுக்குக் கண் இருக்கிறது. நாற்பது பிள்ளைகளுக்கு நடுவில் இவளைப் பார்த்திருக்கிறாள். கோபப்படாமல் ஒரு காரியம் செய்யுங்கள். நீங்கள் முதலில் வாசித்துக் காட்டாத ஒரு பக்கத்தை அவளிடம் கொடுங்கள். ஒரே ஒரு பக்கம். அவள் உதட்டைக் கேட்காதீர்கள், கண் எங்கே போகிறது என்று பாருங்கள். அவள் வாசித்துவிட்டால் நான் இனி இந்தப் பேச்சையே எடுக்கமாட்டேன், உங்கள் காலில் விழுகிறேன்.

உங்கள் தங்கை


ஜூன் 14

தங்கைக்கு,

என் காலில் யாரும் விழ வேண்டாம். மூட்டுவலி உள்ள கால், தாங்காது.

முன்கூட்டி ஒருமுறைகூடப் பார்க்க விடாமல் ஒரு தாளை வாசிப்பவர் கையில் திணிப்பது எங்கள் தொழிலில் மரியாதைக்குறைவு. எதிரிக்குக்கூட அப்படிச் செய்யமாட்டோம். பத்து வயதுப் பிள்ளைக்கு ஏன் செய்ய வேண்டும்? வேவு பார்ப்பதற்கா? நான் அவளுக்குப் பெரியம்மா, போலீஸ் இல்லை.

உன் சந்தேகத்தையும் அந்த டீச்சரின் சந்தேகத்தையும் ஒரே மூச்சில் தீர்த்துவைக்க ஏற்பாடு செய்துவிட்டேன். வருகிற சனிக்கிழமை, 21ஆம் தேதி, பள்ளி ஆண்டு விழா. தலைமை ஆசிரியையை நேரில் பார்த்துப் பேசினேன். மேடையில் மிளகு ஒரு பக்கம் வாசிக்கப் போகிறாள். மழையைப் பற்றி நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். "நீங்க சொன்னா சரிதாம்மா, உங்க குரலைக் கேட்டுத்தான் எங்கப்பா கடிகாரத்தையே சரி பண்ணுவாரு" என்றாள் தலைமை ஆசிரியை. இன்னும் சிலருக்கு நினைவிருக்கிறது.

மிளகு நேற்று தொண்டை வலிக்கிறது என்றாள். வெந்நீர் கொடுத்தேன். இன்று பின்னல் நுனியைக் கடித்துக்கொண்டு சன்னலோரம் நிற்கிறாள். மேடை பயம்தான். எனக்கும் முதல் நாள் அப்படித்தான், தாளைத் தூக்கிப் பிடிக்காமல் மேஜையில் வைத்து வாசித்தேன். பழகிவிடும். எனக்குத்தான் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. திரைச்சீலைகளைக் கழற்றித் துவைத்தேன், புத்தக அலமாரியைத் துடைத்தேன். இதை அடுப்படி மேடையில் நின்றபடி எழுதுகிறேன்.

சனிக்கிழமைக்குப் பிறகு நீயே எழுதுவாய், அக்கா சொன்னது சரி என்று.

அக்கா


ஜூன் 17

அக்கா,

வேண்டாம். அவளை மேடையேற்றாதீர்கள்.

இன்று காலை ஃபோன் செய்தேன். "மிளகைப் பத்தியா? எழுது" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். இரண்டாவது முறை எடுக்கவே இல்லை. அதனால் எழுதுகிறேன். விரைவுத் தபாலில் போடுகிறேன். சனிக்கிழமைக்குள் வந்துவிட வேண்டும்.

யாரிடமும் சொல்லமாட்டேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அதை இப்போது மீறுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் அறையை விட்டுப் போனதும் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள்.

"அம்மா, பெரியம்மா முதல்ல வாசிப்பாங்க இல்ல, அப்பவே நான் எல்லாத்தையும் காதுல போட்டு வெச்சுப்பேன்."

"அப்புறம்?"

"அப்புறம் தாளைப் பாத்துக்கிட்டே சொல்லிடுவேன். கோடு வந்தா மூச்சு. கோடு மட்டும் எனக்கு நல்லாத் தெரியும்மா."

"எழுத்து?"

"எழுத்து நிக்காதும்மா. இப்பதான் பாத்த மாதிரி இருக்கும், அடுத்த வரியில வந்தா புதுசா இருக்கும்."

"பெரியம்மாகிட்ட சொல்லிடலாமே, கண்ணு."

"வேணாம்மா. அவங்க ரொம்ப சந்தோஷமா இருக்காங்க."

அக்கா, உங்கள் சந்தோஷத்தைக் காப்பாற்ற ஒரு குழந்தை தினமும் வேலை செய்துகொண்டிருக்கிறாள். நீங்கள் எவ்வளவு அழகாக வாசிக்கிறீர்களோ அவ்வளவு நன்றாக அவளால் ஒளிந்துகொள்ள முடிகிறது. மழைப் பக்கத்தை அவள் பிசகாமல் சொல்லிவிடுவாள், அது எனக்குத் தெரியும். சொல்லிவிட்டால் டெஸ்ட் என்ற பேச்சே அத்தோடு நின்றுவிடும். அதுவும் ஒரு பயம்தான்.

லீவு கேட்டேன். ஹோட்டல் நிரம்பி வழிகிறது, மேற்பார்வையாளர் தலையை நிமிர்த்தவே இல்லை. உங்களை நம்பித்தான் இருக்கிறேன். அவளுக்குக் காய்ச்சல் என்று சொல்லுங்கள். உங்களுக்குக் காய்ச்சல் என்று சொல்லுங்கள்.

தங்கை


ஜூன் 23

தங்கைக்கு,

உன் கடிதம் இன்று காலையில் வந்தது. விழா சனிக்கிழமை முடிந்துவிட்டது.

நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன். வேறு மாதிரி எழுத எனக்கு வராது.

சிறப்பு விருந்தினர் தாமதமாக வந்தார். நிகழ்ச்சியைச் சுருக்க வேண்டுமென்று மழைப் பக்கத்தை எடுத்துவிட்டார்கள். தலைமை ஆசிரியை விருந்தினரை வரவேற்கும் நாலு வரியை ஒரு தாளில் கிறுக்கி, மேடைப் படியில் நின்ற மிளகின் கையில் கொடுத்தாளாம். "நீதான் நல்லா வாசிப்பியாமே. இதை வாசிச்சுடு கண்ணு." முன்வரிசையில் இருந்த எனக்கு இது எதுவும் தெரியாது.

மிளகு மைக் முன்னால் வந்தாள். தாளைப் பார்த்தாள். மழையைப் பற்றி வாசிக்கத் தொடங்கினாள். தாளிலிருந்து கண்ணை எடுக்காமல், நான் கோடு போட்ட ஒவ்வோர் இடத்திலும் மூச்சு விட்டு, ஒரு சொல் தவறாமல். அந்தத் தாளில் கோடுகளே கிடையாது. தன்னை வரவேற்பார்கள் என்று பாதி எழுந்த விருந்தினர், எழுவதா உட்காருவதா என்று தெரியாமல் அப்படியே நின்றார். வகுப்பு டீச்சர் ஓடிவந்து தாளில் விரலை வைத்தாள். "இதை. இதைப் படி." மைக்கில் அதுவும் கேட்டது.

அதற்குப் பிறகு மௌனம். நிலையத்தில் மௌனம் என்றால் என்னவென்று உனக்குத் தெரியாது. நாலைந்து வினாடி குரல் போகாவிட்டால் பொறியாளர் ஓடிவருவார், மறுநாள் விளக்கம் கேட்பார்கள். இது அதைவிட நீளம். பின்வரிசையில் பிள்ளைகள் சிரிக்க ஆரம்பித்தார்கள்.

மிளகு நிமிர்ந்தாள். என் குரலில், என் ஏற்ற இறக்கத்தோடு, "தடங்கலுக்கு வருந்துகிறோம்" என்றாள். படி இறங்கிப் போய்விட்டாள்.

அரங்கம் முழுக்கச் சிரித்துக் கை தட்டியது. அவர்கள் அதை வேடிக்கை என்று நினைத்தார்கள். கேலி செய்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். கைதட்டலோடு எப்படிச் சண்டை போடுவது?

அன்றிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை. சாப்பிடுகிறாள், குளிக்கிறாள், இன்று பள்ளிக்கும் போனாள். நேற்று நான் செய்தித்தாளைப் பிரித்தேன். எனக்காகப் பிரித்தேன், வாசிக்கக்கூட இல்லை. இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

தலைமை ஆசிரியை இன்று கூப்பிட்டனுப்பினாள். நான்காம் வகுப்பில் கொண்டுபோய் உட்கார வைக்கலாம் என்கிறாள். அங்கேயும் சரிப்படாவிட்டால் "வேற பள்ளிக்கூடம் பாத்துக்கறது பிள்ளைக்கே நல்லது" என்கிறாள்.

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்திருக்க வேண்டும். தபால் நிலையத்துக்குப் போய்க் கேட்டேன். கவுண்டரில் இருந்தவர் தோளைக் குலுக்கினார்.

அக்கா


ஜூன் 27

அக்கா,

தபால்காரர் மேல் பழி போடாதீர்கள். ஃபோன் அடித்தது, நீங்கள் எடுக்கவில்லை.

உங்களிடம் இப்படி நான் பேசியதே இல்லை. எனக்குத் தலை வாரிப் பள்ளிக்கு அனுப்பியவர் நீங்கள். உங்கள் முன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். இன்று ஒட்டவில்லை.

அவள் தனியாக நின்றாள். உங்கள் பெருமைக்காக நின்றாள். அந்த டீச்சரின் வாயை அடைக்க வேண்டும் என்று உங்களுக்கு இருந்த அவசரத்தில், அவள் தொண்டை வலியையும் பின்னல் நுனியையும் எனக்கு எழுதி அனுப்பினீர்களே தவிர, நீங்கள் படிக்கவில்லை. எழுத்துக்கூட்டத் தெரியாதவள் மிளகு மட்டும் இல்லை அக்கா.

டெஸ்டுக்குச் சம்மதம் நேற்றே பள்ளிக்கு அனுப்பிவிட்டேன். வாரத்தில் இரண்டு நாள் அங்கே வரும் சிறப்பு ஆசிரியையிடம் ஃபோனில் பேசினேன். நான் சொன்னதை முழுதாகக் கேட்டார், குறுக்கே பேசவில்லை. அழுதேன், அதையும் கேட்டார். அவர் பார்த்துச் சொல்லும்வரை இவளை எந்த வகுப்புக்கும் மாற்றக்கூடாது என்று பள்ளியிடம் சொல்லியிருக்கிறாராம்.

ஜூலை 26 எனக்கு லீவு கிடைத்திருக்கிறது. காலிப் பெட்டியோடு வருகிறேன். அவளைக் கூட்டிக்கொண்டு போகிறேன். குடியிருப்பில் இடமில்லை என்றால் வெளியே ஒரு அறை எடுத்துக்கொள்வோம். அவர் சமையற்கூடத்து வேலையை விட்டுவிட்டு வேறு தேடுகிறேன் என்கிறார்.

அதுவரை ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவளை வாசிக்கச் சொல்லாதீர்கள். நீங்களும் வாசித்துக் காட்டாதீர்கள்.

தங்கை


ஜூலை 8

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதத்துக்கு நாலு பதில் எழுதினேன். நாலையும் கிழித்தேன். நாலிலும் வாக்கியங்கள் நன்றாக இருந்தன.

டெஸ்ட் நடந்தது. அறைக்கு வெளியே பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் முழங்காலைத் தாடையோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுந்தேன், நடந்தேன், திரும்ப உட்கார்ந்தேன். கடைநிலை ஊழியர் ஒருவர், "யாரையாவது தேடறீங்களாம்மா?" என்று கேட்டுவிட்டார்.

சிறப்பு ஆசிரியை சின்னப் பெண். தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து பேசுகிறாள். கான்வென்டில் எங்கள் சிஸ்டர் பார்த்திருந்தால் முழங்காலில் நிற்க வைத்திருப்பார். மிளகை வெளியே விளையாட அனுப்பிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"தப்பா எடுத்துக்க மாட்டீங்களே? வீட்ல யாராவது வாசிச்சுக் காட்டுவீங்களா?"

"நான்தான். தினமும்."

"நெனச்சேன். இவ்வளவு சொற்கள் கையிருப்புல இருக்கற பிள்ளையை நான் பாத்ததே இல்ல. அதனாலதான் எல்லாரும் ஏமாந்துட்டோம்."

அது பாராட்டா குற்றச்சாட்டா என்று அங்கே புரியவில்லை. இரண்டும்தான் என்று வீட்டுக்கு வரும் வழியில் புரிந்தது.

டிஸ்லெக்ஸியாதான். சோம்பல் இல்லை, அறிவுக்குறைவு இல்லை, கண்ணிலும் கோளாறு இல்லை. எழுத்தும் ஒலியும் நமக்குத் தானாக ஒட்டிக்கொள்கின்றன, இவளுக்கு ஒவ்வொன்றையும் கையால் ஒட்ட வேண்டியிருக்கிறது. "கதை கேக்கறது வேற, எழுத்தைப் பிடிக்கிறது வேறம்மா. நீங்க ரெண்டையும் ஒரே தட்டுல போட்டுட்டீங்க" என்றாள். வாசித்துக் காட்டுவதை நிறுத்தவே கூடாதாம், இல்லாவிட்டால் பாடத்தில் பின்தங்கிவிடுவாளாம். ஆனால் அப்போது புத்தகம் என் கையில்தான் இருக்க வேண்டும், அவள் சும்மா கேட்டால் போதும். எழுத்துப் பயிற்சி தனி. தட்டில் மணலைப் பரப்பி, விரலால் எழுதிக்கொண்டே அந்த ஒலியை உரக்கச் சொல்ல வேண்டும். ஒரு வரி மட்டும் தெரியும்படி நடுவில் சன்னல் வெட்டிய அட்டையை வைத்து, யாரும் முன்னால் வாசித்துக் காட்டாத வரிகளை வாசிக்க வேண்டும். கொஞ்ச நேரம்தான், களைப்பதற்கு முன்னால் நிறுத்திவிட வேண்டும். வகுப்பில் அவள் கேட்காமல் அவளை எழுப்பி வாசிக்கச் சொல்லக்கூடாது. தேர்வில் கூடுதல் நேரமும், கேள்வியை வாசித்துச் சொல்ல ஓர் ஆளும் வேண்டும்.

அந்தக் கடைசி இரண்டுக்கும் தலைமை ஆசிரியை ஒத்துக்கொள்ளவில்லை. "ஒரு பிள்ளைக்குச் சலுகை குடுத்தா நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பாங்கம்மா."

"விழாவில நீங்க பேசறதுக்கு மைக் வெச்சாங்களே, அது சலுகையா?"

"அது வேற."

"உங்க குரல் கடைசி வரிசைக்கு எட்டாது, அதனால மைக். இவளுக்குக் கேள்வி கண் வழியா எட்டாது, அதனால காது. என்ன வேற?"

"ரேடியோவில பேசற மாதிரியே பேசறீங்கம்மா."

"ரேடியோவில யாரும் குறுக்கே பேச மாட்டாங்க. அவ்வளவுதான் வித்தியாசம்."

அங்கிருந்த வகுப்பு டீச்சர் சிரிப்பை அடக்க இருமினாள். பிறகு, "நான் என் வகுப்புல பாத்துக்கறேன் மேடம், என் பொறுப்பு" என்றாள். தலைமை ஆசிரியை அரைமனதோடு தலையசைத்தாள். அவள் உச்சரிப்பைப் பற்றி நான் எழுதியதைக் கிழித்துப் போடு. மிளகு ஐந்தாம் வகுப்பிலேயே இருக்கிறாள்.

தேர்வில் வாசித்துச் சொல்ல ஆள்தான் கிடைக்கவில்லை. சொந்தக்காரர் கூடாது. வேறு வகுப்பிலும் இதே சிக்கலுள்ள பிள்ளைகள் இருக்கிறார்களாம். அவர்களில் ஒருவனுக்கு நான் வாசிப்பது, அவன் அம்மா மிளகுக்கு வாசிப்பது என்று முடிவாயிற்று. ஒத்திகைக்கு நாலு விடைகள் உள்ள ஒரு கேள்வியைச் சிறப்பு ஆசிரியையிடம் வாசித்துக் காட்டினேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டாள். "விடை எதுன்னு உங்க குரலே சொல்லிடுதும்மா. சும்மா வாசிங்க." சும்மா வாசிப்பது எப்படி என்று இந்த வயதில் கற்றுக்கொண்டிருக்கிறேன். அலமாரி முன்னால் நின்று சமையல் குறிப்பைச் சும்மா வாசிக்கிறேன்.

மிளகு இப்போது "சரி", "வேண்டாம்" என்ற அளவுக்குப் பேசுகிறாள். நான் வாசித்தால் எழுந்து போய்விடுகிறாள்.

நிலையத்தில் எது நின்றுபோனாலும் "வருந்துகிறோம்" என்போம். யார் வருந்தினார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. இப்போது நான் ஒருத்தி மட்டும் வருந்த வேண்டியிருக்கிறது. பழக்கமில்லை. ஆனாலும் எழுதிவிடுகிறேன். வருந்துகிறேன்.

அக்கா


ஜூலை 13

அன்புள்ள அக்கா,

கடைசிச் சொல்லை இரண்டு பேரும் மாறி மாறிப் படித்தோம். "இதைக் கண்ணாடி போட்டு மாட்டிடலாம், உங்கக்கா கையெழுத்துல இன்னொண்ணு கிடைக்காது" என்கிறார் அவர். நான் சிரிக்கவில்லை. கொஞ்சம் சிரித்தேன்.

நானும் போன கடிதத்தில் ஒரு வரி அதிகமாக எழுதிவிட்டேன். எந்த வரி என்று உங்களுக்குத் தெரியும்.

இந்தப் பொட்டலத்தில் நாலு நிற நூல் இருக்கிறது. இங்கே எந்த மாடியின் விரிப்பு எது என்று ஓரத்தில் தைத்த நூலைப் பார்த்துத்தான் பிரிப்போம், அவசரத்தில் எண்ணைப் படிக்க யாருக்கு நேரம்? அவள் நோட்டுகளில் பாடத்துக்கு ஒரு நிறம் கட்டுங்கள். காலையில் புத்தகப்பையோடு அவள் படும் பாடு பாதி குறையும்.

இன்று ஃபோனில் அவளிடம் நேராகவே கேட்டேன். "அம்மாகூட வந்துடறியா?"

"பெரியம்மா தனியா என்ன பண்ணுவாங்க?"

"அதை விடு. உனக்கு என்ன வேணும்?"

 "பெரியம்மா பேசாம இருக்கணும்" என்றாள்.

"அவங்க மேல அவ்வளவு கோவமா?"

"இல்லம்மா. நான் படிக்கும்போது."

அக்கா, உங்களால் அது முடியுமா? அதைச் சிறப்பு ஆசிரியைகூட உங்களுக்குச் சொல்லித்தர முடியாது. முடியாவிட்டால் காலிப் பெட்டி தயாராக இருக்கிறது. மனவருத்தத்தோடு சொல்லவில்லை. நீங்கள் வளர்த்தவள்தான் நானும், ஒன்றைச் சொன்னால் செய்துவிடுவேன்.

இத்துடன் ஒரு கார்டு, இதிலும் மூன்றே வரி. மிளகுக்கு. உறையை ஒட்டியிருக்கிறேன். நீங்கள் பிரிக்கக்கூடாது, அவளுக்கு முன்னால் வாசிக்கக்கூடாது.

தங்கை


ஜூலை 19

அன்புள்ள தங்கைக்கு,

உறையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. கெட்டி உறையாகப் பார்த்து வாங்கியிருக்கிறாய்.

மூன்று நாள் அது மேஜையிலேயே கிடந்தது. மிளகு அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள், தொடவில்லை. நோட்டுகளுக்கு நூலைக் கட்டினோம். கணக்குக்குச் சிவப்பு வேண்டாம் என்றாள். "ஏற்கெனவே டீச்சர் அதுல நெறைய சிவப்பு போட்டிருக்காங்க." பல நாள் கழித்து அவள் என்னிடம் சொன்ன முதல் முழு வாக்கியம். சிரிக்கலாமா என்று யோசித்து, அவள் சிரித்த பிறகு சிரித்தேன்.

இன்று மாலை அவளே உறையைப் பிரித்தாள். சன்னல் அட்டையை எடுத்தாள். என் பென்சிலையும் எடுத்து, இரண்டு சொல்லுக்கு நடுவில் எல்லாம் கோடு போட்டாள். மூச்சுக்கோடு இத்தனை நெருக்கமாக நான் எந்தச் செய்திக்கும் போட்டதில்லை. பிறகு எதிர் நாற்காலியைக் காட்டினாள். உட்கார்ந்தேன். கார்டு அவள் பக்கம் இருந்தது, அட்டையின் முதுகுதான் எனக்குத் தெரிந்தது.

முதல் சொல் வந்தது. இரண்டாவது சொல்லின் பாதி வந்தது. நின்றுவிட்டது. விரல் மேஜைமேல் அந்த எழுத்தை எழுதிப் பார்த்தது, உதடு ஒலியைத் தேடியது. தவறாக ஒன்று சொன்னாள், தலையை ஆட்டிக்கொண்டாள், திரும்ப முதலிலிருந்து தொடங்கினாள். நீ என்ன எழுதியிருந்தாய் என்பது எனக்குத் தெரியாது, ஆனாலும் ஊகித்துவிட்டேன். சொல் என் நாக்கு நுனியில் உட்கார்ந்திருந்தது. உள்ளங்கை இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டேன். குக்கர் கூவியது, நான் எழுந்திருக்கவில்லை. உள்ளே ஏதோ அடிப்பிடிக்கும் வாசனை வந்தது. பிடிக்கட்டும். நிலையமாக இருந்திருந்தால் அந்த மௌனத்துக்கு என்னை வேலையை விட்டே அனுப்பியிருப்பார்கள். ஒரு கட்டத்தில் வாய் தானாகத் திறந்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், திறக்க மட்டும்தான் செய்தது.

மிளகு தலையைத் தூக்கவில்லை. அட்டையிலிருந்து ஒரு கையை மட்டும் எடுத்து என் பக்கம் நீட்டினாள்.

"தடங்கலுக்கு வருந்துகிறோம். இருங்க பெரியம்மா."

இருந்தேன். அந்தச் சொல்லைப் பிடித்துவிட்டாள். நான் ஊகித்த சொல் இல்லை அது. நான் உதவியிருந்தால் தவறாகத்தான் உதவியிருப்பேன்.

முதல் வரி முடிந்ததும் கார்டை மூடினாள். மீதியை உள்ளே போய்த் தானே படித்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இதைக் கூடத்தில் நடந்துகொண்டே எழுதுகிறேன், கையெழுத்து அதற்கு ஏற்ப இருக்கிறது, திருத்தி அனுப்பிவிடாதே. உள்ளேயிருந்து அவ்வப்போது ஒரு சொல் கேட்கிறது, பிறகு வெகுநேரம் ஒன்றும் கேட்பதில்லை. கதவைத் தட்டவில்லை.

தேர்வில் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. சிறப்பு ஆசிரியையும் தெரியாது என்கிறாள். 26ஆம் தேதி பெட்டியைக் காலியாகக் கொண்டுவருவதா, உன் துணிமணியோடு வந்து நாலு நாள் தங்குவதா என்பதை நீ முடிவு செய்யாதே, நானும் செய்யமாட்டேன். இந்தக் கடிதம் கிடைத்ததும் ஃபோனில் அவளைக் கேள்.

வந்ததும் ஒன்று மட்டும் எனக்குச் சொல்ல வேண்டும். கார்டில் மீதி இரண்டு வரி என்ன? கதவுக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டுப் பார்த்தேன். "அம்மா வந்ததும் கேட்டுக்கோங்க" என்கிறாள்.

அக்கா